கூரையா, டிக்கியா: சுவா சூ காங் செடானுக்கு ஒரு சைக்கிள் ரேக்

தங்கச்சி வீட்டில் கார் ஒன்று, சைக்கிள் மூன்று. வீடு சிங்கப்பூரின் சுவா சூ காங்கில். தங்கச்சி மகளுக்குப் பிடித்த இடமோ ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. தீவின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை. ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. எம்ஆர்டியில் ஏற்றலாமா என்றால், ரயிலில் மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி. அதுவும் மடக்கிய பின் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். பூங்காவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். எப்போதாவது போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ஊதா நிற 20 அங்குலச் சைக்கிள் வீட்டு வாசலில் நிற்கும்போது, வாடகைச் சைக்கிளில் ஏறு என்று அவளிடம் யார் சொல்வது?

பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை அழைத்தார்.

“மச்சான், கூரை ரேக் ஒன்னு மலிவா வருது. யாரோ கார விக்கிறாராம், ரேக்க மட்டும் தனியா தர்றாரு. எடுத்துடவா?”

“இருங்க மாப்பிள்ளை. உங்க கார்ப்பேட்டை வாசல்ல ஒரு கம்பி தொங்கும்ல, அதுல என்ன நம்பர் போட்டிருக்கு?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பல வருஷமாகத் தினமும் அந்தக் கம்பிக்குக் கீழேதான் போய்வருகிறார். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினார்: 2.1 மீ. உள்ளே போகும் வண்டிக்கு அதுதான் உயர வரம்பு.

அந்தக் கம்பியோடு எனக்கிருக்கும் பழைய கணக்கு

அந்தக் கேள்வி எனக்கு உடனே வாயில் வந்ததற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நானும் கூரை ரேக் வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு காலை கிராஞ்சிப் பக்கம் மிதித்துவிட்டு, வெயிலில் காய்ந்துபோய்த் திரும்பினேன். வழக்கமாகப் புளோக்குக்குக் கீழே நிறுத்தி, சைக்கிளை இறக்கி வைத்துவிட்டுத்தான் கார்ப்பேட்டைக்குள் போவேன். அன்றைக்கு மழை தூறத் தொடங்கியது. நனையாமல் உள்ளே போய்விட வேண்டும் என்பதைத் தவிர தலையில் வேறு எதுவும் இல்லை. தடுப்புக் கம்பம் உயர்ந்தது, நான் நுழைந்தேன்.

முதலில் சங்கிலியில் தொங்கும் கம்பி ‘டங்’ என்று அடித்தது. அது எச்சரிக்கை மணி. அதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் கான்கிரீட் உத்தரம் வந்துவிட்டது. மெதுவாகத்தான் போனேன். அப்படியும் ஹேண்டில்பார் பின்னால் தள்ளப்பட்டு, முன்கவை விரிந்து, ரேக்கின் கால் காரின் கூரை ஓரத்தை நெளித்துவிட்டது. சைக்கிளுக்கு ஆனதைவிடக் காரின் தகரத்துக்கு ஆன செலவு அதிகம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நடந்ததில் ஆச்சரியமே இல்லை. மாப்பிள்ளையின் செடானையே எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து கூரை 1.44 மீட்டர். குறுக்குச் சட்டமும் அதன்மேல் தட்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 செ.மீ. பெரியவர் ஓட்டும் சைக்கிளின் ஹேண்டில்பார் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கூட்டினால் 2.6 மீட்டரைத் தாண்டுகிறது. முன்சக்கரத்தைக் கழற்றி, முன்கவையை ரேக்கில் பூட்டும் வகையாக இருந்தால் முன்பக்கம் ஒரு சாண் இறங்கும். ஆனால் பின்சக்கரம் அப்படியே இருப்பதால் இருக்கை மேலேதான் நிற்கும். 2.4க்குக் கீழே வருவது கடினம். கம்பியோ 2.1.

கூரை ரேக் மோசமான பொருள் இல்லை. சைக்கிளுக்கு அதுதான் பாதுகாப்பான இடம் என்றுகூடச் சொல்லலாம். பின்விளக்கு மறையாது, நம்பர் பிளேட் மறையாது, டிக்கி திறக்கும், பின்னால் யாராவது இடித்தாலும் சைக்கிள் தப்பிக்கும். தரைமட்டத் திறந்தவெளியில் கார் நிறுத்துகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பலமாடிக் கார்ப்பேட்டைக்காரர் வாங்கினால், சைக்கிள் மேலே இருப்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூறு முறை நினைவிருக்கும். நூற்றோராவது முறை மழை தூறும்.

மற்ற வழிகள்

மாப்பிள்ளைக்கு அப்போதும் கூரை மேல் ஆசை போகவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் சக்‌ஷன் கப் ரேக் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அதைப் பற்றி விசாரித்தார். கூரையில் ரப்பர் கிண்ணங்களை வைத்து, பக்கத்தில் இருக்கும் சிறு பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினால் வெற்றிடத்தின் பலத்தில் ஒட்டிக்கொள்ளும். பம்பில் ஒரு நிறக்கோடு இருக்கும். கோடு வெளியே தெரிந்தால் காற்று கசிகிறது, மறுபடி அழுத்த வேண்டும் என்று அர்த்தம். நண்பர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அந்தக் கோட்டைப் பார்ப்பார். கூரையையும் கிண்ணத்தையும் ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டவே மாட்டார். ஒரு மணல் துகள் போதும், கசியத் தொடங்கிவிடும். அவர் தனி ஆள், ஒரே ஒரு ரோட் பைக், பொறுமைசாலி. தங்கச்சி குடும்பத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதோடு, எப்படி ஒட்டினாலும் உயரம் அதே உயரம்தான்.

உலகின் பல ஊர்களில் இந்தக் கேள்விக்கு முதல் பதிலாகச் சொல்வது இழுவைக் கொக்கியில் மாட்டும் ரேக். சைக்கிள் தாழ்வாக நிற்கும், கனம் தாங்கும், காரின் வண்ணப்பூச்சில் எதுவும் படாது. ஆனால் சிங்கப்பூரில் சாதாரணக் குடும்பக் காரில் அந்தக் கொக்கி இருப்பது அபூர்வம். இதற்காகவே கொக்கி பொருத்துவது என்றால் காரையே மாற்றியமைக்கும் வேலை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். சிஓஇ எனும் கார் உரிமைச் சான்றிதழுக்கும் பணம் கொடுத்து வாங்கிய காரில் மாதம் இரண்டு சவாரிக்காக அந்த வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சைக்கிள் என்றால் ரேக்கே தேவையில்லை என்பது என் கட்சி. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பின்சீட்டில் பழைய புடவை ஒன்றை விரித்துப் படுக்கவைத்தால் முடிந்தது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால், சக்கரம் கழன்ற இடத்தில் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டையாவது செருகிவிடுங்கள். போகும் வழியில் யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால் கட்டைகள் நெருங்கி, சக்கரம் மறுபடி உள்ளே போகாது.

மிச்சம் இருந்தது டிக்கியில் பட்டை போட்டு இழுத்துக் கட்டும் ரேக். இரண்டு கைகள் நீட்டிய வளைந்த சட்டம், ரப்பர் கால்கள், ஆறு பட்டைகள். மூன்று சைக்கிள் தாங்கும் என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 15 கிலோ. வீட்டு எடைக்கருவியில் மாப்பிள்ளை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, தன் எடையைக் கழித்துச் சொன்னார்: அவருடையது 12.5, தங்கச்சியுடையது கூடையோடு 15.2, மகளுடையது 9.5. கூடையைக் கழற்றியதும் தங்கச்சியுடையது 14க்கு வந்தது.

இங்கே ஒரு சொல். மின்சார உதவியோடு ஓடும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த வகை ரேக்கைத் தொட வேண்டாம். சிங்கப்பூரில் அந்த சைக்கிளுக்கு எடை வரம்பே 20 கிலோ. பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகள் 15க்கு இறங்காது.

வெள்ளிக்கிழமை இரவு, மூன்றாவது மாடி

ரேக் வந்ததும் உடனே மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம், முதல் நாள் இரவே கார்ப்பேட்டையில் ஒத்திகை பார்ப்போம் என்றேன். டேப், இரண்டு துணி, ஒரு வாளித் தண்ணீர், பழைய ஓட்டப்பந்தயக் காலுறை இரண்டு ஜோடி. காலுறை எதற்கு என்று தங்கச்சி சிரித்தாள். பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை கழுவுவது. ரேக்கின் கால் பதியும் இடத்தில் தூசு இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். டிக்கி மூடியின் மேல்புறம், ஓரங்கள், பம்பரின் மேல்விளிம்பு எல்லாம் துடைத்தோம். டிக்கி மேல் ஒட்டுவேலையாக ஸ்பாய்லர் வைத்த கார்களில் இந்த ரேக்கை மாட்டக்கூடாது. காலும் பட்டையும் அதன்மேல் அழுந்தினால் பெயர்ந்துவிடும். மாப்பிள்ளை காரில் அது இல்லை.

அடுத்து மேல்கொக்கிகள். டிக்கியைத் திறந்து, பின்கண்ணாடியை ஒட்டியிருக்கும் மூடியின் விளிம்பில் கொக்கியைச் செருகி மூட வேண்டும். கொக்கி தகரத்தைப் பிடிக்க வேண்டும். ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ பிடித்தால் மாட்டியது மாதிரித் தெரியும், ஆனால் மாட்டவில்லை. பிறகு கீழ்க்கொக்கிகள் மூடியின் அடிவிளிம்பில், கடைசியாகப் பக்கக் கொக்கிகள். மேல் பட்டை ரேக்கைத் தாங்குகிறது, கீழ்ப் பட்டை அதைக் காரோடு அணைக்கிறது, பக்கப் பட்டை ஆடாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரே பட்டையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சுற்றிச்சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மாப்பிள்ளை ரேக்கைப் பிடித்து உலுக்கினார், கார்தான் ஆடியது. சரி, அதுதான் வேண்டும்.

முதலில் அவருடைய சைக்கிள். மேல்குழாய் நேராக இருப்பதால் இரண்டு கைகளிலும் அழகாக உட்கார்ந்தது. தங்கச்சியின் சைக்கிள் தகராறு செய்தது. பாவாடை, சுடிதாரோடு ஏற வசதியாக மேல்குழாய் இல்லாத வடிவம். ரேக்கின் கை எதைப் பிடிக்கும்? கீழே சரிந்து போகும் குழாயில் மாட்டினால் சைக்கிள் செங்குத்தாகத் தொங்குகிறது, சக்கரம் தரையை நோக்கி இறங்குகிறது. இதற்கென்றே இருக்கைத் தண்டுக்கும் ஹேண்டில் தண்டுக்கும் நடுவே பூட்டும் ஒரு போலிக் குழாய் விற்கிறார்கள். ரேக் வாங்கும்போதே அதையும் வாங்கச் சொல்லியிருந்தேன். அது இல்லாமல் போயிருந்தால் அன்றிரவு ஒத்திகை அங்கேயே நின்றிருக்கும்.

மூன்றாவதாக ஊதா சைக்கிள். ரேக்கின் இரண்டு கைகளுக்கும் நடுவே இருக்கும் அகலத்துக்கு அதன் சட்டம் போதவில்லை. எப்படியோ நெருக்கி மாட்டிவிட்டு, மாப்பிள்ளை கார்ப்பேட்டையின் மறுகோடிக்கு நடந்துபோய்ப் போட்டோ எடுத்தார். நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்து சின்னச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

“ஒரு எழுத்துதானே மச்சான்?”

“அந்த ஒரு எழுத்து முன்னாடி வர்ற எழுத்தையும் நம்பரையும் வச்சு கணக்குப் போட்டு வர்றது மாப்பிள்ளை. சும்மா ஒட்டினது இல்ல.”

பிளேட் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். எழுத்தை மறைத்துக்கொண்டு விரைவுச்சாலையில் ஏறினால் வாதாட இடமே இல்லை. விளக்குகளும் அப்படித்தான். நான் காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இரண்டு பக்கச் சிக்னலையும் போட, அவர் தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னார். தங்கச்சி சைக்கிளின் முன்சக்கரம் இடது விளக்கில் பாதியை மறைத்தது. சட்டத்தின் சாய்வை ஒரு படி உயர்த்தினோம், அந்த முன்சக்கரத்தைக் கழற்றினோம். விளக்கு வெளியே வந்தது. ஊதா சைக்கிளை இறக்கிவிட்டோம். முன்சக்கரத்தையும் இருக்கையையும் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பின்சீட்டில் ஒரு பகுதியை மடக்கி டிக்கிக்குள் தள்ளினால் போய்விட்டது. கார் மூன்று பேருக்குத்தானே, மீதி இடம் போதும்.

இப்போது காலுறை. இரண்டு சைக்கிள்களையும் எதிரெதிர்த் திசையில் மாட்டினாலும் ஒன்றின் பெடல் இன்னொன்றின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அது குத்தும். பெடலுக்குக் காலுறை மாட்டிவிட்டால் குத்தாது. ரேக்கில் தொங்கும் சக்கரங்களைச் சட்டத்தோடு கட்டினோம், இல்லையென்றால் காற்றில் சுற்றிக்கொண்டே வரும். மிஞ்சிய பட்டை நுனிகளைச் சுருட்டி முடிச்சுப் போட்டோம். பின்னால் புகைக்குழாய் வாய்க்கும் டயருக்கும் நடுவே கை அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தோம். டயர் அந்தச் சூட்டில் நின்றால் ஒரு பயணத்திலேயே கெட்டுவிடும்.

எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். அடுத்தடுத்த முறைகளில் அது இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். நான் பின்னாலேயே என் காரில். ஐந்து நிமிடத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கச் சொன்னேன். கட்டியவுடன் இறுக்கமாக இருக்கும் பட்டை, கார் சில குலுக்கல் குலுங்கிய பின் இடம் பார்த்து உட்காரும். அப்போது தளர்வு தெரியும். மேல் பட்டை இரண்டும் விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. மறுபடி இறுக்கினோம். விரைவுச்சாலையில் ஏறுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். அன்றைய வழியில் மரினா கோஸ்ட்டல் விரைவுச்சாலை வருகிறது. அதில் பெரும்பகுதி சுரங்கம். உள்ளே போன பிறகு ‘என்னமோ ஆடுதே’ என்று தோன்றினால் நிறுத்த இடம் தேட முடியாது.

80ஐத் தாண்டவில்லை. பின்னாலிருந்து பார்க்க இரண்டு சைக்கிளும் ஒரே பொருள் மாதிரி அசையாமல் போயின. ஒரு பட்டை மட்டும் சுரங்கத்துக்குள் தம்புரா மாதிரி ரீங்காரம் போட்டதாகத் தங்கச்சி சொன்னாள். தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டையில் காற்று பட்டால் அதிரும். கட்டும்போது ஒரு முறுக்கு கொடுத்துவிட்டால் அடங்கிவிடும். திரும்பும்போது அப்படியே செய்தோம்.

பூங்காவில் நிறுத்துவது நான் யோசிக்காத தலைவலி. நம் ஊர்க் கார் நிறுத்தத்தின் அளவு 2.4க்கு 4.8 மீட்டர். கார் 4.63 மீட்டர், பின்னால் சைக்கிள்கள் இன்னும் அறுபது சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முன்பக்கமாக நுழைந்தால் அவை வண்டிகள் ஓடும் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்கமாக நுழைந்து, அவை புல்தரை மேல் நீட்டியிருக்கும்படி நிறுத்தினோம். பின்கேமராவில் சைக்கிள் சங்கிலியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, சென்சாரோ ரிவர்ஸ் கியர் போட்டதுமே கத்தத் தொடங்கிவிட்டது. தங்கச்சி இறங்கி நின்று “வாங்க, வாங்க, போதும்” என்று கைகாட்டினாள்.

அப்புறம்தான் தெரிந்தது, எலுமிச்சைச் சாதமும் தண்ணீர்ப் புட்டிகளும் டிக்கியில். ரேக் மாட்டிய பின் டிக்கி திறக்காது. காலையில் எழுந்து சமைத்தவள் தங்கச்சி. டிக்கியில் வைத்தவர் மாப்பிள்ளை. எப்படியும் ஊதா சைக்கிளை எடுக்க ரேக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் அன்றைக்குச் சமாதானம் ஆனது. அன்றிலிருந்து சாப்பாடு முன்சீட்டின் காலடியில்.

மழை

இரண்டாவது பயணம் நான் இல்லாமல் நடந்தது. திரும்பும் வழியில் கொட்டும் மழை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டைகள் தொளதொளவென்று இருந்தன, ரேக் ஒரு பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது என்று அழைத்தார். நைலான் பட்டை தண்ணீரைக் குடித்தால் நீளும். மழை பிடித்தால் ஒதுங்கி இறுக்குவதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கும் மேலாக, சைக்கிள்களையும் ரேக்கையும் சேர்த்துக் காரின் இழுவை வளையத்தில் கட்டிவிட ஒரு தனிப் பட்டை வாங்கச் சொன்னேன். எல்லாம் கழன்றாலும் சைக்கிள் பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் போய் விழாமல் இருக்க அது ஒன்றுதான் காவல். பத்து வெள்ளி வேலை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மறந்தது என் தப்பு.

டிக்கி மூடியின் மேல் இப்போது இரண்டு மங்கலான தடங்கள் தெரிகின்றன, ரப்பர் கால் பதிந்த இடம். கழுவிவிட்டு மாட்டினாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும். மாப்பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சவாரி இல்லாத நாட்களில் ரேக்கைக் காரிலேயே விட்டுவைப்பதும் இல்லை. வெயிலில் பட்டை நைந்துபோகும் என்பதால் கழற்றி, வீட்டுப் புகலறையின் (ஆபத்து நேரத்தில் ஒதுங்குவதற்கான சிறு அறை) கதவுக்குப் பின்னால் மாட்டி வைக்கிறார்.

நேற்று மறுபடி அழைத்தார். மகள் உயரமாகிவிட்டாளாம், ஊதா சைக்கிளில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறதாம், 24 அங்குலம் பார்க்கப் போகிறார்களாம். அது டிக்கிக்குள் போகாது. ரேக்கில் மூன்றாவதாக ஏற்றினால் நம்பர் பிளேட் கதை மறுபடி தொடங்கும். டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிடுகிறேன், வாங்குவதற்கு முன்னால் அளந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.